பால் போல்மன் வழியில் போக விரும்புகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லாபமும் வேண்டும், சூழல் பொறுப்பும் வேண்டும் என்று பேசும் நிர்வாகிகள் எடுத்த எடுப்பில் சொல்லும் பெயர் பால் போல்மன். 2009 முதல் 2018 முடிய, சோப்பு, ஷாம்பு விற்கும் பன்னாட்டு நிறுவனமான யூனிலீவரின் தலைமைச் செயல் அதிகாரி. பதவியேற்ற கையோடு, முதலீட்டாளர்களுக்கு லாபக் கணிப்பு சொல்லும் வழக்கத்தை நிறுத்தியவர். இதை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதற்கு முன் அவர் பிராக்டர் அண்ட் கேம்பிளில் 27 ஆண்டுகள் இருந்ததையும், நெஸ்லேயில் தலைமை நிதி அதிகாரியாக இருந்ததையும் யாரும் சொல்வதில்லை. கொள்முதல், விற்பனை, நிதி எதிலும் கைவைக்காமல் நேராகச் சூழல் பிரிவில் சேர்ந்து, ஆண்டறிக்கைக்கு மரக்கன்றுப் படம் தேடுகிறவரின் பேச்சு இயக்குநர் குழுவில் எடுபடாது. முதல் தவறு அதுதான்.

தன் கையில் இல்லாததற்கு வாக்குக் கொடுப்பது அடுத்தது. வியாபாரத்தை இரட்டிப்பாக்குவோம், சூழல் பாதிப்பைப் பாதியாக்குவோம் என்று 2010இல் யூனிலீவர் அறிவித்தது. ஆனால் அதன் பொருள்களால் வெளியாகும் கரியமில வாயுவில் பெரும்பகுதி, வாங்கியவர் வீட்டுக் குளியலறையில் வெந்நீர் போடுவதால் வருவது. ஷாம்பு விற்கிறவர் அதை எப்படிக் குறைப்பார்? பாதியாக்கும் கெடு 2020இலிருந்து 2030க்குத் தள்ளிப்போனது.

மூன்றாவதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது: பழைய கணக்கைத் தீர்க்காமல் புதிய உறுதிமொழி எழுதுவது. கொடைக்கானலில் யூனிலீவரின் இந்திய நிறுவனமான இந்துஸ்தான் லீவரின் தெர்மாமீட்டர் ஆலையிலிருந்து பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு வெளியே போய், மூஞ்சிக்கல் பகுதிப் பழைய பொருள் கடையில் குவிந்துகிடந்தது 2001இல் அம்பலமானது. ஆலை மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் உடன்பாடு ஏற்பட்டது 2016இல். அதற்கு முந்தைய ஆண்டு இதைப் பற்றிய ஒரு ராப் பாடல் இணையத்தில் உலகம் சுற்றியிருந்தது. சூழல் விருதுகள் குவிந்த அதே காலத்தில்தான் இந்த இழுபறியும் நடந்தது. மண்ணில் எவ்வளவு பாதரசத்தை விட்டுவைக்கலாம் என்ற தகராறு அதற்குப் பிறகும் ஓயவில்லை. புதிய பதவிக்குப் போகிறவர், வழக்குக் கட்டுகளைப் படித்துவிட்டு மேடையேறுவது நல்லது.

கைதட்டலைக் கவசமாக நம்புவது இன்னொரு தவறு. பிரான்சின் உணவு நிறுவனமான டனோனைச் சமூக நோக்கமுள்ள நிறுவனமாக மாற்ற 2020 ஜூனில் அதன் தலைவர் இம்மானுவேல் ஃபாபேருக்கு 99 சதவீதத்துக்கும் மேல் பங்குதாரர் வாக்கு கிடைத்தது. 2021 மார்ச்சில் அவர் பதவியே போய்விட்டது. கொரோனாவில் தண்ணீர் பாட்டில் விற்பனை சரிந்திருந்தது. பங்கு விலை போட்டியாளர்களைவிடப் பின்தங்கியிருந்தது.

போல்மனுக்கும் அப்படியொரு நாள் வந்தது. 2017 பிப்ரவரியில் அமெரிக்க உணவு நிறுவனமான கிராஃப்ட் ஹைன்ஸ் 14,300 கோடி டாலருக்கு யூனிலீவரை விலை பேசியது. சில நாளிலேயே பின்வாங்கியும் விட்டது. ஆனால் அந்த ஏப்ரலிலேயே அவர் 20 சதவீத லாப விகிதத்துக்கு உறுதி சொன்னார், 500 கோடி யூரோவுக்குப் பங்குகளைத் திரும்ப வாங்க ஒப்புக்கொண்டார், மார்கரின் வியாபாரத்தைக் கைகழுவ முடிவெடுத்தார். முதலீட்டாளர்களை எட்டு ஆண்டுகள் பொறுக்கச் சொன்னவர் கட்டிய விலை இது.