கால்பந்து மைதானத்தில் குரல் கொடுப்பது எப்படி? புதிதாக கேப்டன் ஆனவர்களுக்கு

கேப்டனின் கைப்பட்டையை (ஆர்ம்பேண்ட்) மாட்டிவிட்டு "உள்ள கத்திக்கிட்டே இரு" என்று சொல்லி அனுப்புவார்கள். என்ன கத்த வேண்டும், எப்போது கத்த வேண்டும் என்று யாரும் சொல்லித் தர மாட்டார்கள். உள்ளூர் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர்) அணிகளில் கேப்டன் ஆகிற பலருக்கும் இதுதான் நடக்கிறது. நான் ஸ்டாப்பர் (கோலுக்கு முன்னால் நடுவில் நிற்கும் டிஃபெண்டர்), அதிகம் பேசாத ஆள். எனக்கும் அந்தப் பட்டை அப்படித்தான் வந்தது. இன்று எங்கள் அணியில் பந்து காலுக்கு வரும் முன்பே தகவல் காதுக்கு வந்துவிடுகிறது. அந்தப் பழக்கத்தை எப்படிக் கொண்டுவந்தோம் என்று இங்கே எழுதுகிறேன். ஆஃப்சைடு, பொசிஷன், மார்க்கிங் எல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "கமான் கமான்", "விடாதீங்கடா", "ஃபைட் பண்ணுங்க" என்று கத்துவதால் பெரிதாக எதுவும் மாறாது. முதல் ஐந்து நிமிடம் சூடாக இருக்கும், பிறகு அது யார் காதிலும் ஏறாது. தன் முதுகுக்குப் பின்னால் நடப்பதை ஒருவர் பார்த்துச் சொல்கிறார் என்ற நம்பிக்கை வந்தால்தான் ஆட்டக்காரர் தைரியமாக ஆடுவார். அதனால் முதலில் தகவல் சொல்லப் பழகுங்கள். உற்சாகமூட்டும் பேச்சுக்கு அதற்கப்புறம்தான் மதிப்பு.

படி 1: உங்கள் அணியின் சத்தத்தைப் பதிவு செய்து கேளுங்கள்

ஒரு போனை உங்கள் கோல் வலைக்குப் பின்னால் வைத்து ஒரு பாதி ஆட்டத்தை முழுவதும் பதிவு செய்யுங்கள். ட்ரோன், உயரமான கேமரா, காலரில் மாட்டும் மைக் என்று எதற்கும் செலவு செய்யாதீர்கள். நமக்குப் படம் முக்கியமில்லை, ஒலிதான் வேண்டும். சாதாரண போனே தாராளமாகப் போதும். பக்கவாட்டுக் கோட்டில் வைத்தால் பார்வையாளர் பேச்சுதான் பதிவாகும். அதனால்தான் வலைக்குப் பின்னால் வைக்கச் சொல்கிறேன்.

வீட்டுக்கு வந்து திரையைப் பார்க்காமல் கேளுங்கள். யார் குரல் வருகிறது, யார் குரல் வரவே இல்லை, கோல் வாங்கியதும் எவ்வளவு நேரம் எல்லோரும் ஊமையாகிவிடுகிறார்கள் என்று கவனியுங்கள். பெரும்பாலான அணிகளில் பந்து கேட்கும் குரல்தான் நிறைய இருக்கும். "குடு, குடு" என்பது தனக்காகக் கேட்பது. அடுத்தவருக்கு உதவுகிற வார்த்தைகள் எவ்வளவு வருகின்றன என்பதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

நல்ல அணிகள் எப்படிப் பேசுகின்றன என்று கேட்க 2020இல் ரசிகர்கள் இல்லாமல் நடந்த போட்டிகளைத் தேடிப் பாருங்கள். கொரோனா காலத்தில் அரங்குகள் காலியாக இருந்ததால் ஆட்டக்காரர்களின் குரல் தொலைக்காட்சியில் தெளிவாகவே வந்தது. அப்போது ஜெர்மனியின் பயர்ன் மியூனிக் கிளப்பில் ஆடிய தாமஸ் முல்லருக்கு 'ரேடியோ முல்லர்' என்றே பட்டப்பெயர் உண்டு. பந்து தன்னிடம் இல்லாத நேரத்திலும் அவர் வாய் ஓயாது. அந்த ஆண்டு பயர்ன் அணி சாம்பியன்ஸ் லீக் (ஐரோப்பியக் கிளப்களுக்கான கோப்பை) வென்ற ஆட்டங்களில் அவர் எப்போது பேசுகிறார் என்று மட்டும் கவனித்தாலே நிறையக் கற்கலாம்.

படி 2: சொற்களை முன்கூட்டியே பேசி வையுங்கள்

ஒரு பொருளுக்கு ஒரே சொல். பின்னால் எதிராளி வந்தால் ஒருவர் "ஆள்" என்றும், இன்னொருவர் "மேன் ஆன்" என்றும், மூன்றாமவர் "பாத்து பாத்து" என்றும் கத்தினால் கேட்பவர் யோசிப்பதற்குள் பந்து போய்விடும். எங்களுடையவை இவை: "ஆள்", "டைம்" (பக்கத்தில் யாரும் இல்லை, நிதானமாக ஆடு), "திரும்பு", "திருப்பிக் குடு", "ஏறு" (முன்னால் போ), "இறங்கு" (பின்னால் வா), "அடி". கீப்பர் பந்தை எடுக்க வெளியே வந்தால் "கீப்பர்". இவ்வளவுதான். டர்ஃபில் (செயற்கைப் புல் மைதானம்) மலையாளம், இந்தி பேசுகிற நண்பர்களும் சேர்ந்து ஆடினால் "மேன் ஆன்" என்பதையே எல்லோருக்கும் பொதுவாக வைத்துவிடுங்கள். "பாத்து" என்ற சொல்லை மட்டும் தடை செய்யுங்கள். எதைப் பார்க்க வேண்டும் என்று அது சொல்வதில்லை.

"விடு", "என்னோடது" என்று பெயர் சொல்லாமல் கத்தினாலே ஃபவுல் என்று பலர் நம்புகிறார்கள். விதி அப்படிச் சொல்லவில்லை. ஆட்ட விதி 12இன்படி, எதிரணி ஆட்டக்காரரின் கவனத்தைப் பேச்சால் திசைதிருப்பினால்தான் குற்றம். அதற்கு மஞ்சள் அட்டை கிடைக்கும், ரெஃப்ரி ஆட்டத்தை நிறுத்தினால் எதிரணிக்கு இன்டைரக்ட் ஃப்ரீ கிக்கும் (நேராகக் கோல் அடிக்க முடியாத ஃப்ரீ கிக்) போகும். உங்கள் "விடு"வை எதிராளி தன் ஆள் சொன்னதாக நினைத்துப் பந்தை விட்டுவிட்டால் வம்புதான். பெயரோடு சேர்த்துச் சொல்லிப் பழகினால் இந்தச் சிக்கலே வராது.

படி 3: பெயர் முதலில், அதுவும் சரியான பெயர்

"ஆள்!" என்று மட்டும் கத்தினால் அணியில் எல்லோருமே திரும்பிப் பார்ப்பார்கள். "செல்வா, ஆள்!" என்றால் செல்வா மட்டும் திரும்புவார், மற்றவர்கள் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள். இதில் நம் ஊருக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது, வெளிநாட்டுப் பயிற்சி வீடியோக்கள் எதிலும் இது வராது. சின்னப் பையன்கள் மூத்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தயங்குவார்கள். "அண்ணா, பின்னாடி!" என்று கத்துவார்கள். மைதானத்தில் நாலு அண்ணன்கள் இருப்பார்கள், நாலு பேரும் திரும்புவார்கள். "மச்சி" என்றாலும் இதே கதைதான்.

எங்கள் அணியில் இது சரியாக வெகுநாள் ஆனது. "ஆட்டத்துல மரியாதை பாக்காதீங்க" என்று மூத்தவர்களே சொல்லியும் பையன்களுக்கு வாய் வரவில்லை. கடைசியில் எல்லோருக்கும் ஓரிரண்டு அசையில் கூப்பிடுபெயர் வைத்தோம். மூத்தவர்களுக்கு அதோடு 'ண்ணா' சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் பெயர் முன்னால் வந்தே ஆக வேண்டும். "கார்த்திண்ணா, ஆள்!" மரியாதையும் போகவில்லை, யாரைக் கூப்பிடுகிறோம் என்பதும் தெளிவானது. நீளமான பெயர் உள்ளவர்களைச் சுருக்கிக் கூப்பிட முதலிலேயே அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பிடிக்காத பட்டப்பெயரை மைதானத்தில் கத்தினால் அந்த ஆள் உங்கள் பேச்சைக் கேட்கவே மாட்டார்.

படி 4: பந்து வரும் முன் சொல்லுங்கள்

இந்தப் பதிவில் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். பத்துப் பதினைந்து மீட்டர் தூரத்திலிருந்து அழுத்தமாக அடித்த பாஸ் வந்து சேர ஏறக்குறைய ஒரு வினாடிதான் ஆகும். பந்து காலில் பட்ட பிறகு "ஆள்" என்று கத்தினால் அதற்குள் எதிராளி பந்தைத் தட்டியிருப்பார். உங்கள் குரல் அப்போது தகவலாக இருக்காது, குறை சொல்வதாகத்தான் அவர் காதில் விழும். நிறைய கேப்டன்கள் "நான் சொல்லிக்கிட்டேதான் இருந்தேன், அவன் கேக்கல" என்பார்கள். பதிவைப் போட்டுக் கேட்டால், சொன்னது பாஸ் போய்ச் சேர்ந்த பிறகு என்பது தெரியும்.

பாஸ் கொடுப்பவரின் கால் பின்னால் போகும்போதே உங்கள் வாய் திறக்க வேண்டும். அதற்கு உங்கள் கண் பந்தை விட்டு விலக வேண்டும், கஷ்டமே அதுதான். பந்தையே பார்த்துக்கொண்டிருப்பவரால் முன்கூட்டிச் சொல்ல முடியாது. பந்து யாரிடம் இருக்கிறது என்று ஒரு பார்வை, அது அடுத்து யாரிடம் போகும், அவரைச் சுற்றி யார் நிற்கிறார்கள் என்று ஒரு பார்வை. இப்படி மாற்றி மாற்றிப் பார்க்கப் பழக்க நாங்கள் செய்த பயிற்சி இது.

நாலு பேர் சதுரமாக நின்று பாஸ் செய்யுங்கள், நடுவில் ஒருவர் பந்தைப் பறிக்கப் பார்க்கட்டும். பந்து வாங்கப்போகிறவர் வாய் திறக்கக் கூடாது. அவருக்கு எதிரே நிற்பவர்தான் "டைம்" அல்லது "ஆள்" என்று சொல்ல வேண்டும். பாஸ் காலை விட்டுக் கிளம்பும் முன் சொல் வரவில்லை என்றால் சொல்ல வேண்டியவர் நடுவுக்குப் போக வேண்டும். பந்தை இழந்தவருக்குத் தண்டனை கிடையாது, தகவல் தராதவருக்குத்தான். ஆரம்பத்தில் கூச்சலும் குழப்பமுமாக இருக்கும். விடாமல் செய்யுங்கள். பேசாத ஆட்களை இந்தப் பயிற்சி மாற்றியதுபோல வேறு எதுவும் மாற்றவில்லை.

அப்புறம், யார் யாருக்குச் சொல்வது? பின்னால் நிற்பவர் முன்னால் இருப்பவருக்குச் சொல்ல வேண்டும். கீப்பர் ஸ்டாப்பருக்கு, ஸ்டாப்பர் நடுவில் ஆடுபவருக்கு, அவர் ஃபார்வர்டுக்கு. மொத்த மைதானமும் கண் முன்னால் இருப்பது கீப்பருக்கு மட்டும்தான். மான்செஸ்டர் யுனைடெட்டில் கீப்பராக இருந்த பீட்டர் ஷ்மைக்கேல் தன் டிஃபெண்டர்களை ஓயாமல் அதட்டிக்கொண்டே இருந்ததற்குக் காரணம் இதுதான். கீப்பர் வாய் பேசாதவர் என்றால் கேப்டன் மட்டும் தொண்டை கிழியக் கத்திப் பயனில்லை, முதலில் அவரைப் பேசவையுங்கள்.

படி 5: குரல்

வயிற்றிலிருந்து மூச்சை விட்டுக் கனமான குரலில் சின்னதாகச் சொல்லுங்கள். கிறீச்சென்று உயரும் குரல் பதற்றத்தைக் கடத்தும். தண்ணீர் குடியுங்கள். விசில் அடித்துக் கூப்பிடும் பழக்கம் வேண்டவே வேண்டாம், ரெஃப்ரி விசில் என்று ஆட்டக்காரர்கள் நின்றுவிடுவார்கள்.

படி 6: தவறு நடந்த பிறகு என்ன சொல்வது

இங்கேதான் உற்சாகமூட்டும் பேச்சு வருகிறது. ஒருவர் பந்தைக் கோட்டைவிட்டு கோல் ஆகிவிட்டது. அவர் தலை தொங்கியிருக்கிறது. எல்லோருக்கும் கேட்கும்படி "பரவால்லடா" என்று கத்தினால் பிழை யாருடையது என்று எதிரணிக்கும் சேர்த்து அறிவித்ததாகிவிடும். பக்கத்தில் போங்கள். பெயரைச் சொல்லி, அடுத்த பந்துக்கு அவர் எங்கே நிற்க வேண்டும் என்று ஒரு வேலையைச் சொல்லுங்கள். வேலை கையில் இருந்தால் மனம் பின்னால் போகாது.

இதற்கு நான் பார்த்த சிறந்த பாடம் 2016 யூரோ (ஐரோப்பிய நாடுகளின் கோப்பை) காலிறுதியில், ஜூன் 30 அன்று மார்செய்லில் நடந்தது. போர்ச்சுகலும் போலந்தும் 1-1 என்று முடித்து பெனால்டிக்குப் போகின்றன. போர்ச்சுகலின் ஜோவா மூட்டின்யோ தயங்குகிறார். நாலு வருடம் முன்பு 2012 யூரோ அரையிறுதியில், ஸ்பெயினுக்கு எதிரான பெனால்டி ஷூட்அவுட்டில், அவர் அடித்ததை ஸ்பெயின் கீப்பர் கசியஸ் தடுத்திருந்தார். கேப்டன் ரொனால்டோ அவரிடம் வந்து பேசியது கேமராவில் பதிவானது. நீ வந்து அடி, நீ நன்றாக அடிப்பாய், தோற்றால் தோற்றுப்போகட்டும், திடமாக இரு என்பதுதான் சாரம். மூட்டின்யோ அடித்தார், கோல். போர்ச்சுகல் 5-3 என்று வென்றது, பிறகு கோப்பையையும் வென்றது.

அந்தச் சில வினாடிப் பேச்சைப் பிரித்துப் பாருங்கள். ஒரே ஒருவரிடம் பேசுகிறார். அவரால் முடியும் என்பதற்கு அவருடைய திறமையையே காரணமாகச் சொல்கிறார். தோல்வியின் சுமையை அவர் தலையிலிருந்து இறக்கிவைக்கிறார். "நாட்டுக்காக", "மானத்துக்காக" என்று எடையைக் கூட்டவில்லை. நம் ஊர்ப் போட்டிகளில் இறுதி ஆட்டம் என்றால் உடனே "ஊர் மானம்" என்று ஆரம்பித்துவிடுகிறோம். பதினெட்டு வயதுப் பையனின் கால் அதில்தான் கனத்துப்போகிறது. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள்.

போட்டிக்கு முந்தைய இரவு வாட்ஸ்அப் குழுவில் நீளமான ஊக்கமூட்டும் ஃபார்வர்டு மெசேஜ்களும் வேண்டாம். ஒவ்வொருவருக்கும் தனியாக, நாளைக்கு அவர் வேலை என்ன என்று ஒரு குட்டி வாய்ஸ் நோட் அனுப்புங்கள்.

படி 7: ரெஃப்ரியிடம் பேசுவது

கேப்டனுக்கு விதிப்படி தனிச் சலுகை எதுவும் கிடையாது, அணியின் நடத்தைக்கு ஓரளவு பொறுப்பு உண்டு, அவ்வளவே. 2024 யூரோவில் தீர்ப்பு பற்றி கேப்டன் மட்டுமே ரெஃப்ரியை அணுகலாம் என்று நடைமுறைப்படுத்தினார்கள். உங்கள் போட்டியில் அந்த விதி இருக்கிறதோ இல்லையோ, அணிக்குள் அதை இப்போதே பழக்கமாக்குங்கள். கீப்பர்தான் கேப்டன் என்றால் வெளியே ஆடும் ஒருவரை அதற்கென்று நியமித்து, ஆட்டத்துக்கு முன் ரெஃப்ரியிடம் சொல்லிவிடுங்கள்.

பிற்சேர்க்கை

டர்ஃபில் பக்கத்து வலைக்குள் இன்னொரு ஆட்டம் நடப்பதால் "ஆள்" என்று அங்கே கத்தினால் இங்கே திரும்புகிறார்கள் என்று இந்தப் பதிவைப் படித்த பலர் எழுதியிருந்தீர்கள். பெயரை முதலில் சொன்னால் பாதி சரியாகும். மீதிக்குக் கையைப் பயன்படுத்துங்கள். 2005 சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் லிவர்பூல் 3-0 என்று பின்தங்கியிருந்தபோது, 54ஆவது நிமிடத்தில் அந்த அணியின் கேப்டன் ஜெரார்ட் தலையால் முட்டி ஒரு கோல் போட்டார். திரும்பி ஓடும்போது இரண்டு கைகளையும் மேலே தூக்கித் தூக்கி அசைத்தார். அந்த இரைச்சலில் அவர் என்ன கத்தியிருந்தாலும் எட்டியிருக்காது, கை எல்லோருக்கும் தெரிந்தது. அடுத்த ஆறு நிமிடத்தில் இன்னும் இரண்டு கோல் வந்து ஆட்டம் சமமானது.

தன் அணியில் காது கேளாத நண்பர் ஒருவர் ஆடுகிறார், இதெல்லாம் அவருக்கு எப்படி என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி, முதலில் நான் எழுதியிருக்க வேண்டியது. காது கேளாதோர் கால்பந்தில் ரெஃப்ரி கொடியையும் அசைப்பார். நீங்களும் படி 2இல் முடிவு செய்த ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கை சைகை வைத்துக்கொள்ளுங்கள்: உள்ளங்கை விரித்தால் "டைம்", விரல்களை மடக்கினால் "ஆள்", கையை மேலே தள்ளினால் "ஏறு". என்னென்ன சைகை என்று அவரே முடிவு செய்யட்டும், மற்றவர்கள் கற்றுக்கொள்ளட்டும். அவரை விங்கில் (பக்கவாட்டுக் கோட்டை ஒட்டி) ஆடவிட்டால் மைதானத்தின் பெரும்பகுதி அவர் கண் முன்னாலேயே இருக்கும், முதுகுக்குப் பின்னால் கோடு மட்டும்தான் இருக்கும். ஆட்டம் நிற்கும் ஒவ்வொரு முறையும் அவர் உங்களைப் பார்க்க வேண்டும், நீங்கள் அவரைப் பார்க்க வேண்டும் என்பதை மட்டும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.