சிபிடி வேலை செய்யவில்லையா? புட்டியின் பின்பக்கத்தைப் பாருங்கள்

மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய கட்டம். நடுராத்திரி வியர்த்து முழிப்பு, அப்புறம் தூக்கமே இல்லை. தூக்கத்துக்காக லண்டனில் வாங்கிய சிபிடி எண்ணெய்ச் சொட்டுகளை (சிபிடி என்பது ஹெம்ப் எனும் கஞ்சாச் செடி வகையிலிருந்து எடுக்கும், போதை தராத பொருள்) நாக்கடியில் வைத்தும், அளவைக் கூட்டியும் ஒன்றும் ஆகவில்லை. புட்டியின் முன்பக்கம் ‘ஹெம்ப் ஆயில் 1500 மி.கி.’ என்று பெரிய எழுத்து. பின்பக்கம் பொடி எழுத்தில் ‘கன்னாபிஸ் சட்டிவா சீட் ஆயில்’. அது வெறும் விதை எண்ணெய். சாலட்டில் ஊற்றலாம், சிபிடி இல்லாத சரக்கு.

ஆய்வக அறிக்கை பார்த்து வாங்கிய அடுத்த புட்டி 30 மி.லி., சிபிடி 1000 மி.கி. அது முழுப் புட்டிக்கான கணக்கு, மி.லி.க்கு சுமார் 33 தான். பிரிட்டன் உணவுத் தர முகமை 2023இல் சொன்ன உச்சவரம்பு நாளுக்கு 10 மி.கி., அதாவது 0.3 மி.லி. வெறும் வயிற்றில் வேண்டாம். கொழுப்புள்ள சாப்பாட்டோடு போனால்தான் உடம்பில் நன்றாகச் சேரும். தூக்கம் தேறியது, அப்பாடா. வியர்வைக்கு மட்டும் டாக்டர் கொடுத்த தோலில் ஒட்டும் ஹார்மோன் பேட்ச்தான் கேட்டது.

ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரினோ வலிப்பு மாத்திரையோ எடுப்பவர்கள் முதலில் ஃபார்மசிஸ்டைக் கேளுங்கள். சிபிடி அவற்றின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடலாம்.