சக்கர நாற்காலியோடு டாப்சிலிப்: சிறு குழந்தைகளுடன் முதல் காட்டுப் பயணம், படிப்படியாக

என் மகனுக்கு 7 வயது. மூளை முடக்குவாதம் இருப்பதால் தானாக நடக்க இயலாது. கழுத்தும் சீக்கிரம் தளர்ந்துவிடும். மகளுக்கு 4 வயது, ஓரிடத்தில் நிற்கமாட்டாள். இருவரையும் காட்டுக்கு அழைத்துப் போகலாமா என்று இரண்டு ஆண்டுகள் தயங்கிவிட்டு, சென்ற மே மாதம் கோவையிலிருந்து ஆனைமலைக் காட்டிலுள்ள டாப்சிலிப் போய்வந்தோம். காடு என்றால் நடக்க வேண்டும் என்ற எண்ணம்தான் எங்களைத் தடுத்தது. நடக்கத் தேவையில்லை. நல்ல இடம் பார்த்து உட்கார்ந்தால் போதும்.

முதல் படி: தூக்கும் தூரத்தை அளந்துகொள்ளுங்கள்

ஆனைமலை யானைகள் நடமாடும் காடு. மண்பாதையில் சக்கர நாற்காலியை வேகமாகத் திருப்ப முடியாது. ஆகவே குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரே மூச்சில் எவ்வளவு தூரம் போக முடியுமோ, வாகனத்திலிருந்து அதுவே உங்கள் எல்லை. எங்கள் தெருவில் விளக்குக் கம்பங்களை எண்ணிப் பார்த்தோம். என் கணவரால் நான்கு கம்பம், என்னால் இரண்டு. இரண்டு என்றே வைத்துக்கொண்டோம். குறைவாகத் தூக்குபவரின் கணக்குதான் கணக்கு.

இரண்டாம் படி: ஊரிலேயே ஒத்திகை

கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத் தாவரவியல் பூங்காவில் மூன்று வாரம் பழகினோம். புல்லிலும் மண்ணிலும் நாற்காலியின் முன்பக்கச் சிறு சக்கரங்கள்தான் புதைந்து மாட்டும். அப்போது தள்ளாதீர்கள், தள்ளினால் குழந்தை முன்னால் சரியும். இடுப்புப் பட்டையைச் சரிபாருங்கள். நாற்காலியை மெல்லப் பின்னால் சாய்த்துப் பெரிய சக்கரங்களில் நிறுத்தி, நீங்கள் பின்னோக்கி நடந்து இழுத்து வாருங்கள். சாய்ப்பதற்கு முன் குழந்தையிடம் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் சாய்த்தால் உடல் விறைத்துவிடும்; பிறகு தளர வெகுநேரம் ஆகும்.

மகளுக்கும் ஒத்திகை உண்டு. கழுத்தில் ஒரு விசில். அப்பா அம்மா கண்ணில் படவில்லை என்றால் ஓடித் தேடக் கூடாது, நின்ற இடத்திலேயே நின்று ஊத வேண்டும். இதை விளையாட்டாகவே பழக்கினோம்.

மூன்றாம் படி: தொலைபேசியில் எண்களாகக் கேளுங்கள்

"வசதி இருக்கிறதா?" என்று கேட்டால் "இருக்கிறது" என்றுதான் பதில் வரும். முன்பு ஒரு விடுதியில் சாய்தளம் உண்டு என்று சொன்னார்கள். போய்ப் பார்த்தால் அறை வாசலில் மூன்று படிகள். அதன்பிறகு நான் எண்களையே கேட்கிறேன்: எத்தனை படி? கழிப்பறைக் கதவு எத்தனை அங்குலம்? உங்கள் நாற்காலியின் அகலத்தை முதலில் அளந்து கையில் வைத்துக்கொள்ளுங்கள். கேட்கத் தயங்காதீர்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொழுதுபோக்கிலும் நம் பிள்ளைகளுக்கு உரிமை உண்டு என்கிறது.

வனத்துறை வாகனத்தில் ஏறும் படி எவ்வளவு உயரம், காடு திறந்திருக்கிறதா என்பதையும் விசாரித்துவிடுங்கள். கோடையில் காட்டுத்தீ அபாயத்தால் சில நாட்கள் மூடிவிடுவதுண்டு.

நான்காம் படி: பை

இரண்டு நாள் மருந்து கூடுதலாக. பாதியை ஒரு பையிலும் பாதியை இன்னொன்றிலும் வையுங்கள். வலிப்பு வரும் குழந்தை என்றால் அவசர மருந்தைப் பற்றி மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். அதைப் பையில் போடாமல் உங்கள் உடலோடு வைத்திருங்கள். மேலே செல்பேசி எடுக்கும் என்று நம்ப முடியாது. மாற்றுத் துணி, தார்ப்பாய், கழுத்துக்குச் சுருட்டி வைக்க ஒரு துண்டு. மழைக்காலமானால் அட்டை ஏறாத நீளமான காலுறை. கால்களில் உணர்ச்சியில்லாத குழந்தைக்கு அட்டை கடிப்பதே தெரியாது. அரை மணிக்கு ஒருமுறை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

ஐந்தாம் படி: மலைப்பாதை

பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை வழியாகச் சுமார் 35 கிலோமீட்டர். சேத்துமடையில்தான் வளைவுகளுக்கு முன்னால் கடைசி நிறுத்தம். மகனுக்குப் பொள்ளாச்சியிலேயே குழைந்த தயிர்ச்சாதம் கொடுத்து, அரை மணி நேரம் நிமிர்த்தி உட்காரவைத்த பிறகே கிளம்பினோம். மேலே திறந்தவெளியில் சாப்பாட்டைப் பிரிக்காதீர்கள். குரங்குகள் பிடுங்க வரும்போது எழுந்து ஓட முடியாத குழந்தை மிகவும் மிரண்டுபோகும்.

ஆறாம் படி: உட்காருங்கள்

இதற்காகத்தான் இவ்வளவும். வனத்துறை வழிகாட்டியாக வந்த மலசர் இனத்துப் பெரியவரிடம் எங்கள் கணக்கைச் சொன்னேன்: "ஐயா, வண்டியிலிருந்து இரண்டு கம்ப தூரம்தான் வருவோம்." அவர் தலையசைத்துவிட்டு ஒரு தேக்கின் நிழலைக் காட்டினார். நாற்காலியை நிறுத்திச் சக்கரத்தைப் பூட்டினோம்.

முதல் கால் மணி நேரம் ஒன்றுமில்லை. மகளிடம் ஒரு குச்சியைக் கொடுத்து, மரங்கள் வெட்டப்பட்டு வெறுமையாகிப்போன இந்தச் சரிவுகளில் தேக்கை மீண்டும் வளர்த்த ஹியூகோ வுட் என்ற ஆங்கிலேய வன அதிகாரியின் கதையைச் சொன்னேன். கைத்தடியால் குழியிட்டு விதை போட்டபடியே நடந்தார் என்பார்கள். அவர் கல்லறையும் டாப்சிலிப்பில்தான் இருக்கிறது. அவள் குழி தோண்டத் தொடங்கினாள். சத்தம் அடங்கியதும் மேலே கிளை அசைந்தது. செம்பழுப்பு முதுகும், தொங்கும் நீண்ட வாலுமாக ஒரு மலை அணில். மல்லாந்து சாய்ந்திருந்த என் மகன்தான் முதலில் பார்த்தான். எங்கள் மூவருக்கும் முன்னால்.

பிறகு பெரியவர் கீழே விழுந்து கிடந்த தேக்கின் இளந்தளிர் ஒன்றை எடுத்து, "கசக்கு சாமி" என்றார். மகனின் விரல்கள் எப்போதும் இறுக மூடியே இருக்கும். கட்டைவிரலை மெல்ல விலக்கி உள்ளே தளிரை வைத்தோம். சற்று நேரத்தில் அவன் விரல் இடுக்குகளிலிருந்து மருதாணி போலச் சிவப்பு கசிந்தது. அவன் சிரித்த சிரிப்பில் அணில் ஓடிவிட்டது.

ஒன்றரை மணி நேரம் இருந்தோம். உங்கள் குழந்தை அரை மணியில் களைத்தால் அரை மணியில் கிளம்பிவிடுங்கள்.

ஏழாம் படி: இரவில் தோலைப் பாருங்கள்

குளிப்பாட்டும்போது அக்குள், காது மடலின் பின்புறம், தொடை இடுக்கு எல்லாம் அட்டை, உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். பட்டை அழுத்திய இடம் சிவந்திருந்தால் அரை மணி கழித்து மீண்டும் பாருங்கள். மறைந்துவிட்டால் பயமில்லை, மறையாவிட்டால் அந்தப் பக்கம் அழுந்தவிடாமல் படுக்கவைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். அன்று இரவு பேரனின் உள்ளங்கையைப் பார்த்து அம்மிச்சி பதறிவிட்டார். மகள்தான் ஓடிவந்து, "அது தேக்கு, அம்மிச்சி" என்று தன் கையையும் விரித்துக் காட்டினாள்.