சூளையில் சிக்கிய குடும்பத்தை மீட்பது எப்படி

ஊத்துக்கோட்டை, சத்தியவேடு பக்கத்துச் செங்கல் சூளையில் அட்வான்ஸ் வாங்கிவிட்டு வெளியே வர முடியாமல் தவிக்கிற குடும்பம் உங்களுக்குத் தெரிந்திருந்தால், முதலில் ஒன்று சொல்கிறேன்: கடனை அடைத்துக் கூட்டி வராதீர்கள். நாங்கள் ஒருமுறை ஊரில் பணம் திரட்டி இரண்டு குடும்பங்களை அப்படித்தான் கூட்டி வந்தோம், கையில் ஒரு காகிதம் இல்லை, அடுத்த தை மாதம் அதே மேஸ்திரி புது அட்வான்ஸோடு வாசலில் நின்றார். 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடனே செல்லாது. அதை வசூலித்தால் முதலாளிக்கு மூன்று வருடம் வரை சிறை.

வாரச் செலவுக்குக் கொடுக்கிற படிக்காசில் சாமான் வாங்கச் சந்தைக்கு வருகிற நாளில் அவர்களிடம் பேசுங்கள். அட்வான்ஸ் எவ்வளவு, ஆயிரம் கல்லுக்கு என்ன கூலி, அதில் எவ்வளவு பிடிக்கிறார்கள் என்று கேளுங்கள். அப்புறம் முக்கியமான கேள்வி: ஊரில் ஒரு சாவு என்றால் எல்லோரும் சேர்ந்து போக முடியுமா? "பிள்ளையை விட்டுட்டுப் போன்னு சொல்வாங்க" என்று ஒரு அம்மா சொன்னார். அதை அவர் சொன்ன வார்த்தையிலேயே மனுவில் எழுதினோம்.

சூளை எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ அந்தக் கலெக்டரிடம் மனு கொடுங்கள்: சத்தியவேடு என்றால் ஆந்திராவின் திருப்பதி, ஊத்துக்கோட்டை என்றால் திருவள்ளூர். ஆர்.டி.ஓ.வுக்கும் (வருவாய்க் கோட்டாட்சியர்) ஒரு நகல். "ஆதாரம் எங்கே?" என்று கேட்டால் பயப்படாதீர்கள், இது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் முதலாளி, கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின் 15-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்கினாலே அது அரசியல் சட்டம் 23-வது பிரிவு தடுக்கிற கட்டாய உழைப்பு என்று 1982-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, அந்தப் பிரிவு தனியார் முதலாளியையும் கட்டுப்படுத்தும். அதிகாரிகள் அசையவில்லை என்றால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம்.

மீட்பு நாளில் விசாரணையை முதலாளி முன்னால் வைக்க விடாதீர்கள். அவருடைய ஒரு பார்வையிலேயே தொழிலாளிகள் வாய் அடைத்துப்போகும், நான் பார்த்திருக்கிறேன். கொத்தடிமையிலிருந்து விடுவித்தாயிற்று என்று அதிகாரி கொடுக்கிற விடுதலைச் சான்றிதழ் கைக்கு வராமல் ஊருக்கு வண்டி ஏறாதீர்கள். உடனடி உதவி 30,000 ரூபாய் வரை உண்டு. பிறகு வரும் மறுவாழ்வுத் தொகை, ஆண்களுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், வழக்கோடு பிணைந்தது. அதனால் எஃப்.ஐ.ஆர். போட்டாயிற்றா என்று விடாமல் கேளுங்கள்.

சான்றிதழை அன்றைக்கே லேமினேட் செய்துவிடுங்கள். ஓலைக் குடிசையில் ஒரு மழைக்கு அது தாங்காது.