மூதாட்டியரின் வாழ்க்கையைத் தேடி எழுதும் முறை

பல குடும்பங்களின் கொடிவழியில் தந்தைவழிப் பெயர்கள் ஆறேழு தலைமுறைக்கு நீளும்போது, தாய்வழி இரண்டு மூன்று தலைமுறையிலேயே 'இன்னாரின் மனைவி' என்ற குறிப்போடு நின்றுவிடுகிறது. பெண்களைப் பற்றி ஆவணங்கள் இல்லை என்பதே இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். அது பாதி உண்மையே. அவர்களைப் பற்றிய செய்திகள் தந்தை, கணவன், மகன் ஆகியோரின் பெயர்களில் பதியப்பட்ட ஏடுகளுக்குள் கிடக்கின்றன. அவற்றை வெளியே எடுப்பதற்குப் பொறுமையோடு ஒரு முறையும் வேண்டும்.

முதல் வேலை, குடும்பத்தில் உயிரோடிருக்கும் மூத்தவர்களிடம் பேசுவது. 'பாட்டி எப்படிப்பட்டவர்?' என்று கேட்டால் 'நல்லவர், உழைப்பாளி' என்ற விடையே கிடைக்கும். அவருடைய பிரசவங்களுக்குத் துணையிருந்தவர் யார், தாயை இழந்த பிள்ளைகளை வளர்த்தது யார், வீட்டுக் கணக்கு யார் கையில் இருந்தது, அவர் யாருக்குக் கடிதம் எழுதினார் என்று குறிப்பாகக் கேட்டால் பெயர்களும் ஊர்களும் உறவுகளும் தாமாக வெளிவரும். சொன்னவர் பெயரையும் சொன்ன நாளையும் சேர்த்து எழுதிக்கொள்ள வேண்டும். பழைய படங்களின் பின்புறக் குறிப்பு, சமையல் குறிப்பேடு, கணக்குப் புத்தகத்தின் ஓரத்தில் உள்ள கையெழுத்து ஆகியவையும் சான்றுகளே.

அடுத்தது பிறந்த வீட்டுப் பெயர். திருமணத்துக்குப் பின் பெண்ணின் குடும்பப்பெயர் மாறும் நாடுகளில் இதுவே பெரிய பூட்டு. அவளுடைய சொந்தப் பதிவில் கிடைக்காத பெயர், பிள்ளைகளின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளில் கிடைக்கக்கூடும் என்பதால், நம் நேரடி மூதாதையரான பிள்ளையோடு நிறுத்தாமல் உடன்பிறந்தோர் அனைவரின் பதிவுகளையும் பார்ப்பது நல்லது. ஸ்காட்லாந்தில் 1855-இல் தொடங்கிய அரசுப் பதிவில், இறந்தவருடைய தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் கேட்கப்பட்டது. அதே காலத்து இங்கிலாந்து இறப்புப் பதிவில் அது கேட்கப்படவில்லை. திருமணச் சாட்சிகள், ஞானப்பெற்றோர், பக்கத்து வீட்டார் ஆகியோரையும் கவனிக்க வேண்டும். அவர்களில் அவளுடைய பிறந்த வீட்டாரும் இருக்கக்கூடும்.

அவள் வாழ்ந்த காலத்தில் சட்டம் அவளை எவ்வாறு நடத்தியது என்பதை அறியாமல் ஆவணக் காப்பகத்துக்குச் செல்வது வீண் அலைச்சல். இங்கிலாந்தில் 1882-ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்துக்கு முன், மனைவி கணவனின் இசைவின்றி உயில் எழுதுவது பொதுவாக இயலாது. எனவே அக்காலத்துப் பெண்களின் உயில்கள் பெரும்பாலும் கைம்பெண்களுடையவை அல்லது மணமாகாதவர்களுடையவை. மணமாகாமல் இறந்த ஓர் அத்தையின் உயில், தமக்கை மகள்களையெல்லாம் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, ஒரு தலைமுறைப் பெண்களை ஒரே தாளில் காட்டிவிடலாம். அமெரிக்காவில் 1922-ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை, குடியேறிய பெண்ணின் குடியுரிமை பெரும்பாலும் கணவனுடையதையே ஒட்டியிருந்தது. ஆகையால் அதற்கு முன் அவளைக் கணவனின் கோப்பிலும், அதன் பின் அவளுடைய சொந்தக் கோப்பிலும் தேட வேண்டும். அந்நாட்டின் மக்கள்தொகைக் கணக்கிலும் 1840 வரை குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே எழுதப்பட்டது. 1850-இல் சுதந்திர மக்கள் அனைவரும் பெயர் பெற்றனர். அடிமைப்படுத்தப்பட்ட பெண்களோ அப்போதும் பெரும்பாலும் வயதாகவும் நிறமாகவும் மட்டுமே எழுதப்பட்டனர். அவர்களைத் தேடுவோர் உரிமையாளர் குடும்பங்களின் உயில், விற்பனைப் பத்திரம், சொத்துப் பட்டியல் ஆகியவற்றைப் படிக்க வேண்டியிருக்கிறது. கடினமான வாசிப்புத்தான், ஆனாலும் அந்தப் பெண்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன் அது.

என் பார்வையில் மிகவும் கனமான சான்று, பெற்ற பிள்ளைகளின் எண்ணிக்கை. அமெரிக்காவின் 1900, 1910 கணக்கெடுப்புகளும் இங்கிலாந்தின் 1911 கணக்கெடுப்பும் பிறந்த பிள்ளைகள் எத்தனை பேர், உயிரோடிருப்போர் எத்தனை பேர் என்று கேட்டன. 'ஒன்பது, ஐந்து' என்று எழுதியிருந்தால், குடும்பத்தில் எவரும் பேசாத நான்கு பிள்ளைகள் இருந்தனர் என்று பொருள். அவர்களின் பிறப்பு, இறப்புப் பதிவுகளைத் தேடி வரிசைப்படுத்தினால், ஒரு தாயின் முப்பது ஆண்டுகள் புதிய ஒளியில் தெரியும்.

மரபணுச் சோதனையும் உதவும், ஆனால் அதன் எல்லையை அறிந்திருக்க வேண்டும். உயிரணுவுக்குள் ஆற்றலை உண்டாக்கும் இழைமணி (மைட்டோகாண்ட்ரியா) என்ற உறுப்பில் உள்ள மரபணு, தாயிடமிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் செல்கிறது. அடுத்த தலைமுறைக்கு அதைக் கடத்துவோர் மகள்கள் மட்டுமே. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் 2012-இல் கிடைத்த எலும்புக்கூடு மூன்றாம் ரிச்சர்டு மன்னருடையது என்று உறுதிசெய்ததில், அவருடைய தமக்கை ஆன் வழியே தாய்க்குத் தாயாக இன்றுவரை வந்த வாரிசுகளின் இந்த மரபணு பெரும்பங்கு வகித்தது. எனினும் இது மிக மெதுவாக மாறுவதால், இருவருக்கு இது ஒத்திருப்பது அண்மை உறவுக்குச் சான்றாகாது. ஒரே தாய்வழி என்ற ஊகம் தவறு என்று காட்டுவதற்கே இது அதிகம் பயன்படும்.

எழுதும்போது அவளைப் பிறந்த வீட்டுப் பெயரிலேயே குறிப்பிடுங்கள். 'தொழில்' என்ற கட்டம் வெறுமையாக இருப்பதால் அவள் வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டக் கூடாது; கணவனின் கடையையும் நிலத்தையும் நடத்திய மனைவியைக் கணக்கெடுப்பாளர்கள் பெரும்பாலும் எழுதவில்லை. ஆவணம் சொல்வது, உறவினர் சொன்னது, நீங்கள் ஊகிப்பது ஆகிய மூன்றும் வாசகருக்குத் தனித்தனியே தெரிய வேண்டும். அவள் என்ன நினைத்தாள் என்பதைக் கற்பித்து எழுதுவதைவிட, அறிய முடியவில்லை என்று எழுதுவதே அவளுக்குச் செய்யும் மரியாதை. திருமணத்துக்கு முன் பிறந்த பிள்ளை, கைவிட்ட கணவன், மனநல விடுதி போன்ற செய்திகளை மறைக்க வேண்டியதில்லை; ஆனால் அவற்றால் நேரடியாகப் பாதிக்கப்படக்கூடியவர்கள் உயிரோடிருந்தால், வெளியிடுவதற்கு முன் வரைவை அவர்களிடம் படிக்கக் கொடுத்து இசைவு பெற வேண்டும். உயிரோடிருப்போரின் பிறந்த நாளையும் முகவரியையும் நீக்கிவிட்டு, ஒவ்வொரு செய்திக்கும் அது கிடைத்த ஏட்டின் பெயரையும் பக்கத்தையும் குறித்து, ஒரு படியைக் குடும்பத்திலும் மற்றொன்றை அவள் வாழ்ந்த ஊரின் நூலகத்திலோ வரலாற்றுச் சங்கத்திலோ கொடுத்துவையுங்கள்.