ஆட்டுக்கல்லை முப்பரிமாணத்தில் எடுப்பது எப்படி?

ஒரு போன், கணினியில் கோல்மேப் என்ற இலவச மென்பொருள். ஆரம்பிக்க இவ்வளவு போதும். பொருளைச் சுற்றி எடுத்த படங்களைக் கொடுத்தால், ஒவ்வொன்றும் எங்கிருந்து எடுக்கப்பட்டது, பொருளின் வடிவம் என்ன என்று இரண்டையும் அது கணக்கிட்டுவிடும்.

முதல் முயற்சிக்குக் கொல்லையில் கிடக்கும் ஆட்டுக்கல் அருமையான பொருள். கருங்கல்லின் புள்ளிகளும் கொத்திய தழும்புகளும்தான் மென்பொருளுக்குப் பிடிமானம். பளபளக்கும் குத்துவிளக்கு, கண்ணாடி டம்ளர் எல்லாம் இப்போதைக்கு வேண்டாம்.

படி 1: படம் எடுங்கள்

பாதி வேலை, ஏன் முக்கால்வாசி வேலையே இதுதான். கல் பக்கத்தில் ஒரு அடிக்கோலை வைத்துவிட்டு, சுற்றி நடந்தபடி எடுங்கள். ஒரே இடத்தில் நின்று போனை மட்டும் திருப்பினால் ஆழம் கிடைக்காது. நாம் இடம் மாறும்போது கிட்டே இருப்பது அதிகமாகவும் தள்ளி இருப்பது குறைவாகவும் நகர்ந்து தெரிகிறதே, அதை வைத்துத்தான் ஆழமே கணக்கிடப்படுகிறது.

குனிந்து ஒரு சுற்று, நின்று ஒரு சுற்று, குழிக்குள் தெரியும்படி மேலிருந்து ஒரு சுற்று. 60 படங்கள் தாராளம். ஒரு படத்தில் தெரிவதில் பெரும்பகுதி அடுத்த படத்திலும் தெரிய வேண்டும். ஃபிளாஷ், ஜூம், போர்ட்ரெய்ட் மோட் மூன்றும் கூடாது. மேகமூட்டமான நாளாக இருந்தால் நல்லது. வெயிலில் உங்கள் நிழலும் கல் மேல் சேர்ந்து நடக்கும். முக்கியமாக, பாதியில் யாரும் குழவியை நகர்த்திவிடக் கூடாது.

படி 2: ஓட விடுங்கள்

கோல்மேப்பில் 'ஆட்டோமேட்டிக் ரீகன்ஸ்ட்ரக்‌ஷன்' திறந்து, படங்கள் இருக்கும் ஃபோல்டரையும் ஒரு காலி ஃபோல்டரையும் காட்டுங்கள். தரம் 'மீடியம்' போதும். என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு இல்லையென்றால் 'டென்ஸ் மாடல்' டிக்கை எடுத்துவிடுங்கள். அடர்த்தியான மாடல் வராது, கல்லின் வடிவத்தைக் காட்டும் ஐதான புள்ளிக்கூட்டம் மட்டும் கிடைக்கும்.

உள்ளே நடப்பது இதுதான்: கணினி விஞ்ஞானி டேவிட் லோவ் 1999-ல் வெளியிட்ட சிஃப்ட் முறையில் ஒவ்வொரு படத்திலும் தனித்துத் தெரியும் புள்ளிகளைத் தேடுகிறது. பிறகு படங்களை ஜோடி ஜோடியாக ஒப்பிடுகிறது. எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் ஒப்பிட்டால் 60 படத்துக்கு 1,770 ஜோடி. படத்தை அள்ளிப் போட்டால் நேரம் எகிறுவது இதனால்தான்.

படி 3: சரிபாருங்கள்

திரையில் கல்லைச் சுற்றிச் சிவப்பாகச் சின்னச் சின்னக் கேமராக்கள் தெரியும். வளையம் முழுதாக இருந்தால் சரி. ஒரு பக்கம் விட்டுப்போயிருந்தால், அங்கே நெருக்கமாக இன்னும் சில படங்கள் எடுத்துச் சேர்த்து, புதிதாக ஓட்டுங்கள்.

படி 4: அளவு கொடுங்கள்

படங்களை மட்டும் வைத்து, இது ஆட்டுக்கல்லா கைக்கு அடங்கும் பொம்மைக் கல்லா என்று கோல்மேப்பால் சொல்ல முடியாது. அதற்குத்தான் அடிக்கோல். மாடலை மெஷ்லேப் என்ற இன்னொரு இலவச மென்பொருளில் திறந்து, அதில் தெரியும் அடிக்கோலின் நீளத்தை அளந்து பாருங்கள். 30 செ.மீ. கோல் அங்கே 2.4 என்று வந்தால், மாடலை 12.5 மடங்கு பெரிதாக்குங்கள். அப்புறம் குழியின் ஆழத்தைக்கூட சென்டிமீட்டரில் அளக்கலாம்.