மொராக்கோ தெருச் சாப்பாட்டில் பயணிகள் செய்கிற தவறுகள்

மராகேஷ் போகிறவர்களில் பலர் பகல் முழுக்கச் சுற்றிவிட்டு, இருட்டியதும் ஜெமா எல்-ஃப்னா சதுக்கத்தில் புகை கிளம்பும் ஏதோ ஒரு கடையில் உட்கார்ந்து, மெனுவில் இருப்பதையெல்லாம் வாங்கிப் பார்க்கிறார்கள். மொராக்கோவின் தெருச் சாப்பாடே அவ்வளவுதான் என்று முடிவு கட்டிவிடுவதுதான் பெரிய தவறு. அங்கே ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு வேளை உண்டு. ராத்திரிக்கு மட்டும் போகிறவருக்குப் பாதிதான் கிடைக்கும்.

காலையில் ஸ்ஃபெஞ்ச். உளுந்து வடை மாதிரி நடுவில் ஓட்டை, ஆனால் புளித்த கோதுமை மாவு. சட்டியிலிருந்து எடுத்ததும் சாப்பிட வேண்டும், ஆறிப்போனால் வெறும் சவசவ. அதே நேரத்தில்தான் பிஸ்ஸாராவும். காய்ந்த ஃபாவா பீன்ஸைக் குழைய வேகவைத்து, மேலே ஆலிவ் எண்ணெயும் சீரகத்தூளும் போட்டுத் தருவார்கள். ஃபெஸ், ஷெஃப்ஷாவன் பக்கம் குளிர்காலக் காலைகளில் இதைவிட நல்ல சாப்பாடு கிடையாது என்பேன்.

மெஷூயி மதிய வேளைக்கானது. சதுக்கத்தை ஒட்டிய ஒரு சந்தில், தரைக்குள் இறக்கிய அடுப்பில் முழுச் செம்மறியை மணிக்கணக்கில் வேகவிட்டு, எடை போட்டு விற்கிறார்கள். தொட்டுக்கொள்ள உப்பும் சீரகமும் மட்டும். சாயங்காலம் போனால் நல்ல துண்டுகள் தீர்ந்திருக்கும். பொழுது சாய்ந்த பிறகுதான் ஹரீரா என்கிற சூப்பும் நத்தை சூப்பும் களைகட்டும். நத்தையைக் குச்சியால் குத்தி எடுத்துத் தின்றுவிட்டுப் பலர் கிண்ணத்தை அப்படியே வைத்துவிடுகிறார்கள். ருசியே அந்த மசாலாச் சாற்றில்தான் இருக்கிறது!

வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்காகப் பல கடைகள் மூடியிருக்கும். ரமலான் மாதப் பகலிலும் தெருவில் பெரிதாக எதுவும் கிடைக்காது.

அடுத்தது காசு. விலை கேட்காமல் உட்காராதீர்கள். சதுக்கத்துக் கடைகளில் கேட்காமலேயே ரொட்டி, ஆலிவ், சாலட் என்று மேசையில் வைப்பார்கள், சில இடங்களில் அதுவும் பில்லில் ஏறும். வேண்டாமென்றால் அப்போதே திருப்பிக் கொடுத்துவிடலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். எஸ்ஸவீரா துறைமுகம் மாதிரியான இடங்களில் மீனை எடை போட்டுக் கொடுத்தால், சுடுவதற்கும் சேர்த்து எவ்வளவு என்று முதலிலேயே பேசிவிடுங்கள். வயதான கடைக்காரர் சிலர் ரியால் கணக்கில் விலை சொல்வார்கள். அது பழைய கணக்கு. இப்போதைய மொராக்கோ நாணயமான திர்ஹாம் ஒன்றுக்கு 20 ரியால். 'நூறு' என்று காதில் விழுந்ததும் திடுக்கிட வேண்டாம், அது 5 திர்ஹாமாகவும் இருக்கலாம். சில்லறை எப்போதும் கையில் இருக்கட்டும்.

சைவக்காரர்கள் ஹரீராவைப் பருப்பு சூப் என்று நம்பிவிடக் கூடாது. தக்காளி, பருப்பு, கொண்டைக்கடலையோடு பெரும்பாலும் இறைச்சியும் சேரும். மண்சட்டியில் மெல்ல வேகும் காய்கறி தஜீன்கூட இறைச்சிச் சாற்றில் வெந்திருக்கலாம், கேட்டுவிடுவது நல்லது. பிஸ்ஸாராவில் பொதுவாக அந்தத் தொல்லை இல்லை.

வயிற்றுக்குப் பயந்து தெருக்கடைகளையே ஒதுக்குவதும் வீண். உள்ளூர்க்காரர் கூட்டம் நிற்கும் கடையில், கண்ணெதிரே சுடச்சுட எடுத்துத் தருவதை வாங்குங்கள். ஆரஞ்சு ஜூஸை எதிரே பிழியச் சொல்லி, தண்ணீரும் ஐஸும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தம்ளரை ஒரே வாளித் தண்ணீரில் முக்கி எடுக்கிறார்களா என்று பாருங்கள். அப்படியென்றால் பேப்பர் கப் கேளுங்கள், இல்லாவிட்டால் பக்கத்துக் கடைக்கு நகர்ந்துவிடுங்கள்.